கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி வரும் விசா: என் தங்கையின் இரண்டு விண்ணப்பங்கள்

என் தங்கைக்கு இங்கிலாந்து விசா முதல் தடவை மறுக்கப்பட்டது. இரண்டாவது தடவை கிடைத்தது, 2024 மே மாதம் லண்டனில் கல்யாணமும் நடந்தது. இரண்டு விண்ணப்பத்திலும் அதே பெண், அதே மாப்பிள்ளை, அதே வேலை, அதே சம்பளம். எதைச் சொன்னோம், எதைச் சொல்லாமல் விட்டோம் என்பது மட்டும்தான் மாறியது. பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பங்கள் இப்போது இதே இடத்தில் வந்து நிற்கின்றன, ஆளுக்கொரு ஏஜெண்ட் ஆளுக்கொரு கதை சொல்லி அனுப்புகிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி முழுதாக எழுதிவைக்கிறேன்.

தங்கைக்கு அப்போது 39 வயது. தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர், மாதச் சம்பளம் 42,000 ரூபாய். முதல் கல்யாணம் 2019-இல் பரஸ்பர சம்மதத்தோடு பெங்களூர் குடும்ப நீதிமன்றத்தில் முடிந்தது. ஒரே மகள், எனக்கு மருமகள், அப்போது ஒன்பதாம் வகுப்பு. மூன்று பேரும், அதாவது எங்கள் அம்மா, தங்கை, மருமகள், அல்சூர் ஏரிக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரே வீட்டில் இருக்கிறார்கள். நான் மேல் மாடியில்.

மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன வயதிலேயே லண்டன் போய்ச் சேர்ந்து பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியவர், ஹேரோவில் வீடு, பஸ் ஓட்டுகிறார். தெரிந்தவர்கள் மூலமாக வந்த சம்பந்தம். 2022 டிசம்பரில் இரண்டு வாரம் இங்கே வந்து தங்கிப் பேசிப் பழகி, மருமகளோடு உட்கார்ந்து கேரம் விளையாடி, எங்கள் அம்மாவுக்குப் பிடித்துப்போய், அடுத்த வருஷம் இங்கேயே கல்யாணம் என்று பேசி முடித்தோம். 2023 நடுவில் அவருடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

"அண்ணை, அம்மாவை விட்டுட்டு வர ஏலாது. பத்து நாளுக்குக்கூட ஏலாது" என்று ஃபோனில் சொன்னார். பின்னாலிருந்து அந்த அம்மா, "பிள்ளை, நான் இருக்கேக்கையே நடக்கட்டும்" என்றது எங்களுக்கும் கேட்டது. சரி, கல்யாணம் அங்கேதான் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

இங்கே கல்யாணம் செய்திருந்தால் வேலை எளிது என்று எல்லோரும் சொன்னார்கள், உண்மைதான். கோவிலில் தாலி கட்டி இந்து திருமணச் சட்டத்தில் பதிவு செய்யலாம், ஸ்பெஷல் மேரேஜ் ஆக்டில் போனால் 30 நாள் நோட்டீஸ். ஆனால் எந்தச் சட்டத்தில் போனாலும் மாப்பிள்ளை நேரில் நிற்க வேண்டுமே.

இன்னொரு பக்கம், தங்கை அங்கேயே தங்கிவிடவும் முடியாது. மருமகள் 2024 ஜூனில் பத்தாம் வகுப்பு, 2025 மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. அந்த ஒரு வருஷத்தில் பிள்ளையைத் தனியாக விட்டுப் போகவும் மாட்டேன், பள்ளியை மாற்றிக் கூட்டிப்போகவும் மாட்டேன் என்று தங்கை உறுதியாக இருந்தாள். ஆக எங்களுக்கு வேண்டியிருந்தது இதுதான்: கோடை விடுமுறையில் போய், கல்யாணம் செய்துகொண்டு, பள்ளி திறப்பதற்குள் திரும்பி வர வேண்டும். பரீட்சை முடிந்த பிறகு அம்மாவும் பெண்ணுமாகக் குடும்ப விசாவுக்கு விண்ணப்பித்துக்கொள்ளலாம்.

முதல் விண்ணப்பம்

ஏஜெண்ட் ஒருவர் கதையைக் கேட்டுவிட்டு, "சாதா விசிட்டர் விசா போதும் சார், அங்க போனதுக்கு அப்புறம் கல்யாணம் பண்ணிக்கட்டும், யாரு கேக்கப் போறாங்க" என்றார். நாங்களும் நம்பினோம். இந்த ஆலோசனை எங்கிருந்து வருகிறது என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் பி-2 விசிட்டர் விசாவில் போய்க் கல்யாணம் முடித்துவிட்டுக் குறித்த காலத்தில் ஊர் திரும்புவது தவறில்லை. அந்த நாட்டுக்குச் செல்லுபடியாகிற விஷயத்தை இங்கிலாந்துக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். இங்கிலாந்து விதி வேறு. அங்கே சாதாரண விசிட்டராகப் போகிறவர் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, கல்யாணத்துக்கு நோட்டீஸ் கொடுக்கவும் கூடாது. அதற்கென்றே 'மேரேஜ் விசிட்டர்' என்று தனி விசா இருக்கிறது. கால அளவு அதே ஆறு மாதம், கட்டணமும் அப்போது இரண்டுக்கும் ஒன்றேதான், 115 பவுண்ட். ஒரு பைசா மிச்சம் பிடிக்கக்கூட இந்தத் தவறு உதவவில்லை என்பதுதான் இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

2024 ஜனவரி நடுவில் படிவம் போட்டோம். பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்புதான் விண்ணப்பிக்க முடியும், அதனால் முதல் வாய்ப்பிலேயே போட்டுவிட்டோம் என்ற திருப்தி வேறு. பயணத்தின் நோக்கம்: சுற்றுலா, நண்பரைப் பார்த்தல். பாங்கில் பணம் குறைவாகத் தெரியக் கூடாது என்று ஏஜெண்ட் சொன்னதால், என் கணக்கிலிருந்து நாலு லட்சம் எடுத்துத் தங்கை கணக்கில் போட்டேன். ஸ்டேட்மெண்டில் மாதா மாதம் 42,000 வந்து, வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் போய், பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று நின்றுகொண்டிருந்த இடத்தில், விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒரே வரியில் நாலு லட்சம். இன்றைக்கு அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தால் எனக்கே அந்த வரி மட்டும்தான் கண்ணில் படுகிறது.

மாப்பிள்ளை அனுப்பிய அழைப்புக் கடிதத்தை யாரும் படித்துப் பார்க்கவில்லை. அவர் வெள்ளை மனசோடு, "இந்தப் பயணத்தில் நாங்கள் திருமணம் செய்துகொள்ள இருக்கிறோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தார். படிவம் ஒன்று சொல்கிறது, கடிதம் வேறொன்று சொல்கிறது.

மூன்று வாரத்தில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது, கூடவே மறுப்புக் கடிதம். விசிட்டர் விதிகளில் 'வி 4.2' என்று ஒரு பத்தி இருக்கிறது: வருகிறவர் உண்மையான விசிட்டரா, வந்த காரியம் முடிந்ததும் புறப்பட்டுப் போவாரா, அனுமதிக்கப்பட்ட காரியத்துக்குத்தான் வருகிறாரா, செலவுக்குப் பணம் இருக்கிறதா என்பதையெல்லாம் அது கேட்கிறது. எங்கள் விண்ணப்பம் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் விழுந்தது. நோக்கம் தெளிவாக இல்லை. நாலு லட்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் இல்லை. மகள் பெங்களூரில் இருக்கிறாள் என்று படிவத்தில் எழுதியிருந்தோம், ஆனால் அவள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள், அம்மா இல்லாதபோது யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு ஒரு காகிதம்கூட வைக்கவில்லை. தங்கை திரும்பி வருவதற்கு இருந்த ஆகப்பெரிய காரணத்தையே நாங்கள் கவருக்கு வெளியே வைத்துவிட்டுப் போயிருக்கிறோம்.

விசிட்டர் விசா மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. கட்டிய பணமும் திரும்ப வராது. புதிதாக விண்ணப்பம் போடுவதுதான் வழி.

கடிதத்தை வாங்கி வந்த அன்று ராத்திரி தங்கை சாப்பிடவில்லை. மொட்டைமாடியில் துணி எடுக்க வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணா, நான் திரும்பி வருவேன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். அதைப் பேப்பர்ல எப்படிக் காட்டுறது?" என்றாள். இரண்டாவது விண்ணப்பத்தில் நாங்கள் செய்த ஒவ்வொன்றும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிச் செய்ததுதான்.

எந்த விசா

ஏஜெண்டை விட்டுவிட்டு விதிகளை நாங்களே படித்தோம். மருமகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து கடினமான வாக்கியங்களைப் பிரித்துச் சொன்னாள். வழி இரண்டு இருந்தது.

ஒன்று, வருங்காலக் கணவன் மனைவிக்கான ஃபியான்சே விசா. அதிலும் ஆறு மாதம்தான், ஆனால் உள்ளே போய்க் கல்யாணம் செய்துகொண்டு, அங்கிருந்தபடியே மனைவி விசாவுக்கு மாறலாம். கட்டணம் அப்போது 1,846 பவுண்ட். ஆங்கிலத் தேர்வு, வருமானக் கணக்கு, காசநோய்ப் பரிசோதனை எல்லாம் உண்டு. அங்கேயே குடியேறுகிறவர்களுக்கான பாதை அது. இன்னொன்று மேரேஜ் விசிட்டர். கல்யாணம் செய்துகொள்ளலாம், ஆறு மாதத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும், உள்ளே இருந்துகொண்டு மனைவி விசாவுக்கு மாற முடியாது, வேலை பார்க்க முடியாது. நிறைய பேர் இந்த "மாற முடியாது" என்பதைக் குறையாகப் பார்க்கிறார்கள். எங்களுக்கு அது குறையே இல்லை, நாங்கள் செய்ய நினைத்ததே அதுதான். யார் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை முதலில் வீட்டுக்குள் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற விசாவைத் தேட வேண்டும். விசாவை முதலில் பிடித்துவிட்டு அதற்கேற்பக் கதையை வளைத்தால் எங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

பெரிய விவாதம் வந்தது ஒரே ஒரு விஷயத்தில். அடுத்த வருஷம் மகளோடு அங்கே குடியேற எண்ணம் இருக்கிறது என்பதைச் சொல்வதா, மறைப்பதா? "அதைச் சொன்னா கண்டிப்பா ரிஜெக்ட்" என்று கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் விதியை நிதானமாகப் படித்தால், இந்தப் பயணத்தின் முடிவில் புறப்பட்டுப் போவீர்களா என்றுதான் கேட்கிறது. பிற்காலத்தில் வெளியிலிருந்து முறையாக விண்ணப்பித்து வருவதை அது தடுக்கவில்லை. மேலும், பிரிட்டிஷ் குடிமகனைக் கல்யாணம் செய்துகொண்டு மனைவி காலத்துக்கும் பெங்களூரிலேயே இருப்பாள் என்றால் எந்த அதிகாரி நம்புவார்? மறைத்தால் ஒட்டுமொத்தக் கதையும் ஓட்டையாகத் தெரியும். மாப்பிள்ளைதான் முடிவாகச் சொன்னார்: "உள்ளதைச் சொல்லுவம் அண்ணை." சொன்னோம்.

பழைய மறுப்பையும் சொன்னோம். படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது, இதுவரை எந்த நாட்டு விசாவாவது மறுக்கப்பட்டிருக்கிறதா என்று. ஆம் என்று போட்டு, தேதியும் எண்ணும் எழுதி, அப்போது தவறான வகையில் விண்ணப்பித்துவிட்டோம் என்று நாலு வரி விளக்கம். இதில் பொய் சொன்னால் பத்து வருஷம்வரை தடை வரலாம். மறுப்பு இருந்தாலே இனிக் கிடைக்காது என்று நினைத்து ஒளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

காகிதங்கள்

தங்கையின் கவர் கடிதம் இரண்டு பக்கம். ஏன் அங்கே கல்யாணம் என்பதற்கு ஒரு பத்தி, அதற்கு ஆதாரமாக அந்த அம்மாவின் டயாலிசிஸ் அட்டவணையும் மருத்துவமனைக் கடிதமும். ஏன் திரும்பி வருகிறேன் என்பதற்கு மூன்று பத்தி. பள்ளித் தலைமை ஆசிரியை கொடுத்த கடிதத்தில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை விடுமுறை, மே கடைசியில் வேலைக்குத் திரும்ப வேண்டும், அடுத்த கல்வியாண்டில் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் இவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று இருந்தது. அந்தக் கடைசி வாக்கியத்தைத் தலைமை ஆசிரியை தாமாகவே சேர்த்தார், அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். மருமகளின் போனஃபைடு சான்றிதழ், பத்தாம் வகுப்புக்குக் கட்டிய ஃபீஸ் ரசீது, அம்மா ஊரில் இல்லாத ஆறு வாரமும் பாட்டியும் மாமாவும் பார்த்துக்கொள்வோம் என்று நானும் அம்மாவும் கையெழுத்துப் போட்ட கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம்.

பணத்துக்கு இந்தத் தடவை ஒப்பனை எதுவும் செய்யவில்லை. தங்கையின் ஆறு மாத ஸ்டேட்மெண்ட் உள்ளது உள்ளபடி, நாலு லட்சம் வந்ததும் அது திரும்பி என் கணக்குக்குப் போனதும் உட்பட, அருகில் என் விளக்கக் கடிதம். டிக்கெட், தங்கும் செலவு, கல்யாணச் செலவு எல்லாம் மாப்பிள்ளையுடையது என்று அவர் எழுதி, சம்பளச் சீட்டு, பாங்க் ஸ்டேட்மெண்ட், கவுன்சில் வரி பில், பாஸ்போர்ட் நகல் அனுப்பினார்.

அப்புறம் பெயர். நம் ஆட்களுக்கு இது தீராத தலைவலி. தங்கையின் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, 'பெண் குழந்தை' என்றுதான் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா இனிஷியலோடு. முதல் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆவணங்களில் பழைய கணவரின் இனிஷியல். விவாகரத்துத் தீர்ப்பிலும் அதேதான். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் அப்படியே இருந்தது! இதை மட்டும் நல்லவேளையாக 2023-லேயே கவனித்து, தீர்ப்பின் நகலோடு லால்பாக் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் போய் மறுவெளியீடு வாங்கியிருந்தோம். மற்றதுக்கு, இத்தனை பெயரும் ஒரே ஆள்தான் என்று ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம்.

தீர்ப்பின் சர்டிஃபைடு காப்பியில் சில பக்கங்கள் கன்னடம், மருமகளின் பிறப்புச் சான்றிதழ் முழுக்கக் கன்னடம். மொழிபெயர்த்தவர், இது மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதி, தேதி, முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் போட வேண்டும். வெறும் சீல் குத்திக் கொடுக்கிறவரிடம் போகாதீர்கள்.

இருவரும் உண்மையாகப் பழகியவர்கள் என்பதற்கு, மாப்பிள்ளை இங்கே வந்ததற்கான பாஸ்போர்ட் முத்திரை, பன்னிரண்டு புகைப்படங்கள், ஒரு வருஷத்து வீடியோ கால் பட்டியலில் மாதத்துக்கு ஒரு பக்கம். புகைப்படத்தைக் கட்டுக் கட்டாக அனுப்புகிறார்கள், தேவையே இல்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே எங்கே, எப்போது, யார் யார் என்று எழுதியிருந்தால் பன்னிரண்டு தாராளம்.

தேதிக் கணக்கு

இதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். இங்கிலாந்தில் விமானத்தை விட்டு இறங்கிய மறுநாள் பதிவு அலுவலகத்தில் போய்க் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. முதலில் அந்தப் பகுதியில் ஏழு முழு நாள் தங்கியிருக்க வேண்டும். அப்புறம்தான் நோட்டீஸ். ஒருவர் வெளிநாட்டுக்காரர் என்பதால் இருவரும் சேர்ந்தே நேரில் போய்க் கொடுக்க வேண்டும், அதுவும் அதற்கென்று குறிக்கப்பட்ட பதிவு அலுவலகத்தில். அங்கிருந்து 28 நாள் காத்திருப்பு. சரியான விசா இல்லாதவர்களுக்கு அது 70 நாள்வரை நீட்டிக்கப்படலாம். தங்கையின் கையில் கல்யாணத்துக்கான விசா, மாப்பிள்ளை பிரிட்டிஷ் குடிமகன், அதனால் எங்களுக்கு 28-ஓடு நின்றது. 70 என்றால் எங்கள் கணக்கே கவிழ்ந்திருக்கும், ஏனென்றால் பள்ளி விடுமுறை மொத்தமே ஏழு வாரம்.

காலண்டரைத் தரையில் விரித்துவைத்துக்கொண்டு பென்சிலால் குறித்தோம். ஏப்ரல் 13 சனிக்கிழமை லண்டன் போய்ச் சேருதல், மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு. 14 முதல் 20 வரை ஏழு முழு நாள். 22 திங்கட்கிழமை நோட்டீஸ். 23-இலிருந்து எண்ணினால் மே 20-உடன் 28 நாள் முடிகிறது. 21-இலிருந்து கல்யாணம் செய்யலாம். 22 புதன், டயாலிசிஸ் நாள். ஆகவே மே 23, வியாழக்கிழமை. 27 திங்கள் அங்கிருந்து கிளம்பி 28 பெங்களூர்.

மாப்பிள்ளை பதிவு அலுவலகத்தில் பேசி ஏப்ரல் 22-க்கு நோட்டீஸ் நேரமும் மே 23-க்குத் தற்காலிகமாகக் கல்யாண நேரமும் வாங்கிவிட்டார். அந்த உறுதி மின்னஞ்சல் இரண்டையும் விண்ணப்பத்தில் வைத்தோம், இந்தக் காலண்டரையும் ஒரு பக்கமாக டைப் செய்து வைத்தோம். ஏன் ஆறு வாரம் வேண்டும் என்று அதைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

விவாகரத்து ஆனவர்களுக்கு ஒரு கூடுதல் படி உண்டு. விவாகரத்து வெளிநாட்டில் நடந்திருந்தால் அந்தப் பத்திரங்களைத் தனியாகப் பரிசீலிப்பார்கள், தனிக் கட்டணம், அது முடியாமல் கல்யாணத்துக்கு அனுமதி வராது. மூலப் பிரதியைக் கையில் எடுத்துப் போக வேண்டும். நகல் மட்டும் கொண்டுபோய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மார்ச் முதல் வாரம் விண்ணப்பித்துக் கைரேகை கொடுத்தோம். மூன்று வாரத்தில் ஃபோன் வந்தது, பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ளலாம் என்று. கவரை நான்தான் பிரித்தேன், தங்கை பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஆறு மாத விசா.

லண்டனில்

நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தில் எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டபோது தங்கை "கல்யாணத்துக்கு" என்றாளாம், எவ்வளவு நாள் என்றதும் ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டியிருக்கிறாள். ஏப்ரல் 22 காலை மாப்பிள்ளை அம்மாவை டயாலிசிஸில் உட்காரவைத்துவிட்டுத் தங்கையோடு பதிவு அலுவலகம் போனார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மற்றவரைப் பற்றி விசாரித்தார்கள். நாலு மணி நேரத்துக்குள் எல்லாம் முடித்து, ஊசி எடுப்பதற்கு முன்னால் அம்மாவிடம் திரும்பி வந்துவிட்டார்கள். தீர்ப்புப் பரிசீலனை மே இரண்டாவது வாரம் முடிந்தது. அந்த இரண்டு வாரமும் நாங்கள் இங்கே ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தோம்.

கல்யாணத்தை நான் வீடியோவில்தான் பார்த்தேன். சின்ன அறை, பத்துப் பன்னிரண்டு பேர். தங்கை அரக்கு நிறப் பட்டுப்புடவை, மேலே ஸ்வெட்டர். இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து திருமணப் பதிவில் அம்மாக்களின் பெயரையும் சேர்க்கிறார்கள், அதற்கு முன்னால் அப்பாக்களின் பெயர் மட்டும்தான் இருந்தது. அதிகாரி படித்துக் காட்டும்போது எங்கள் அம்மாவின் பெயரைத் தடுமாறித் தடுமாறி உச்சரித்தார். இங்கே சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா, "என் பேரா சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மாப்பிள்ளையின் நண்பர். இன்னொருவர் அவருடைய அம்மா. சக்கர நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முந்தின நாள் டயாலிசிஸ் ஊசி போட்ட இடது கையில் கட்டு இருந்தது, அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் பேனாவைப் பிடித்துத் தமிழில் கையெழுத்துப் போட்டார். ஐந்து எழுத்துத்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினார், யாரும் அவசரப்படுத்தவில்லை. சாயங்காலம் வீட்டிலேயே சாமி படத்துக்கு முன்னால் தாலி.

தங்கை நாலே நாளில் கிளம்பினாள். அதைப் பற்றி இப்போது வரை அவளால் முழுதாகப் பேச முடியவில்லை. கல்யாணமாகி நாலு நாளில் கணவனையும் படுக்கையில் இருக்கும் மாமியாரையும் விட்டுவிட்டு வருவது சட்டப்படி சரி என்பதால் எளிதாகிவிடாது. இந்த விசாவைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

அடுத்த கட்டத்தின் செலவையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மனைவி விசாவுக்கு, இங்கிலாந்தில் இருப்பவரின் ஆண்டு வருமானம் 18,600 பவுண்ட் இருந்தால் போதும் என்று பல வருஷமாக இருந்தது, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 ஆகிவிட்டது. தங்கை விமானம் ஏறுவதற்கு ஓரிரு நாள் முன்னால்! மாப்பிள்ளையின் சம்பளம் அதற்கு மேலே இருந்ததால் தப்பித்தோம். குழந்தைக்கென்று முன்பு கேட்ட கூடுதல் தொகையைப் புதிய விதியில் எடுத்துவிட்டார்கள், அது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. இது தவிர சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்ட், மனைவி விசாவின் முழுக் காலத்துக்கும் சேர்த்து முதலிலேயே கட்ட வேண்டும், பெரியவர் ஒருவருக்கு 3,105 வருகிறது. பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள், வளர்ப்புப் பொறுப்பு தங்களிடம்தான் என்பதற்கான நீதிமன்ற உத்தரவையும் தயாராக வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். இங்கிலாந்திலிருந்து வெளியேறும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. குறித்த காலத்தில் திரும்பினேன் என்று அடுத்த விண்ணப்பத்தில் காட்ட வேண்டுமே, அதனால் போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தங்கையின் போர்டிங் பாஸும், பெங்களூரில் இறங்கியபோது குத்திய மே 28 முத்திரை உள்ள பக்கத்தின் நகலும் ஒரு பிளாஸ்டிக் கவரில் பீரோவில் இருந்தன. மறுநாள் காலை அவள் பள்ளிக்குப் போய்விட்டாள்.

மருமகள் 2025 ஏப்ரலில் கடைசிப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு வந்த சாயங்காலம், அம்மாவும் பெண்ணும் மேசையில் லாப்டாப்பைத் திறந்து குடும்ப விசாப் படிவத்தை ஆரம்பித்தார்கள். விசா மறுக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி வந்ததும் மருமகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "ஆமான்னு போடு" என்று சொல்லிவிட்டு, தங்கை எழுந்துபோய் பீரோவிலிருந்து அந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தாள்.